'அம்மா சும்மாதான் இருக்காங்க!' - கடலூர் டு சிதம்பரம்... பெண்கள் வேலைக் கணக்கில் விடுபடுவது யார்?

காலேஜ் அட்மிஷன் ஃபார்ம்ல 'தாயின் தொழில்'னு ஒரு கட்டம் இருந்திருக்கும். நீங்க அதுல என்ன எழுதினீங்க? நம்மில் பலபேர் யோசிக்காமலேயே 'இல்லத்தரசி'ன்னு எழுதிட்டு அடுத்த கட்டத்துக்குப் போயிருப்போம்.

இப்போ கொஞ்சம் நிதானமா யோசிச்சுப் பாருங்க. வீட்டுல மாடு இருந்துச்சா? விடியுறதுக்கு முன்னாடி எழுந்து பால் கறந்து சொசைட்டியில ஊத்தினது யாரு? அப்பாவோட கடையில, அவர் மத்தியானம் சாப்பிட வர்ற நேரம் கல்லாவுல உட்கார்ந்தது யாரு? சொந்த வயல்ல குனிஞ்சு களை எடுத்தது யாரு?

இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் விதிப்படி இவங்க எல்லாருமே தொழிலாளர்கள். சம்பளம் வாங்கினாத்தான் அது வேலைன்னு அந்த விதி சொல்லவே இல்லை. குடும்ப வயலிலோ கடையிலோ கூலி இல்லாமல் கைகொடுத்தாலும் வேலைதான். வீட்டுத் தேவைக்கு மட்டுமே நெல் விளைவித்தாலும், வீட்டுத் தேவைக்கு மட்டுமே பால் கறந்தாலும்கூட வேலைதான். சோறு சமைப்பது, பாத்திரம் கழுவுவது, பிள்ளை வளர்ப்பது மட்டும் அந்தக் கணக்கில் வராது. அது வேறு சண்டை, பிறகு வருவோம்.

விதி இவ்வளவு தாராளமா இருந்தும் கணக்கு ஏன் சுருங்குது? கணக்கெடுப்பாளர் வாசலில் நின்று கேட்கும்போது, திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஆண் சொல்கிற ஒரு வரிதான் காரணம்: "அவ வீட்டுல சும்மாதான் இருக்கா."

கடலூரில் இருந்து சிதம்பரம் ஏறக்குறைய 45 கிலோமீட்டர். அந்த ரோட்டையும் அதன் இருபுறமும் உள்ள ஊர்களையும் எடுத்துக்கொண்டால் போதும், பெண்கள் வேலை என்பது எப்படி மண்ணுக்கு மண் மாறுது, எங்கே கூடுது, எங்கே மறைஞ்சுபோகுது என்று ஒரே மாவட்டத்துக்குள்ளேயே பார்த்துவிடலாம்.

முதல்ல கொஞ்சம் நம்பர்

2011 சென்சஸ்படி இந்தியப் பெண்களில் வேலை செய்பவர்கள் 25.5 சதவீதம். தமிழ்நாட்டில் 31.8. ஹிமாச்சலப் பிரதேசத்தில் 45-ஐ நெருங்கியது. பஞ்சாபில் ஏறக்குறைய 14. படிப்புக்குப் பேர்போன கேரளாவில் 18 சதவீத வாக்கில்தான். 'படிச்சா வேலைக்குப் போவாங்க', 'பணக்கார மாநிலம்னா வேலைக்குப் போவாங்க' என்ற ரெண்டு நம்பிக்கையும் இந்த நாலு நம்பர்லயே அடிபட்டுப் போகுது.

தமிழ்நாட்டுக்குள்ளேயே கிராமப்புறத்தில் 41 சதவீதம், நகர்ப்புறத்தில் 22 சதவீதம் என்ற அளவில் இருந்தது. அதாவது டவுனுக்கு வர வர பாதியாகக் குறையுது. சிதம்பரம் டவுனில் கீழ வீதியில் இருக்கிற ஒரு வீட்டையும், காட்டுமன்னார்கோவில் பக்கம் வாய்க்கால் கரையில் இருக்கிற ஒரு வீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்த வித்தியாசம் புரியும்.

சென்சஸ் பத்து வருஷத்துக்கு ஒருமுறை. இடைப்பட்ட காலத்துக்கு, 2017-ல் இருந்து நடக்கும் 'காலமுறை தொழிலாளர் கணக்கெடுப்பு'தான் கைவசம் உள்ள அளவுகோல். அதன்படி 15 வயதுக்கு மேற்பட்ட இந்தியப் பெண்களில் வேலையில் இருப்பவர்கள், வேலை தேடுபவர்கள் இருவரையும் சேர்த்தால், 2017-18-ல் 23.3 சதவீதம். 2023-24-ல் 41.7 சதவீதம். ஆறு வருஷத்தில் இவ்வளவு ஏற்றமா என்று கைதட்டுவதற்கு முன்னால் இன்னொரு நம்பரையும் பார்த்துடுங்க. 2023-24-ல் வேலை செய்த பெண்களில் 36.7 சதவீதம் பேர் 'குடும்பத் தொழிலில் உதவியாளர்'. தனிக் கூலி கிடையாது. மாச சம்பளக்காரப் பெண்கள் அவர்களைவிட ரொம்பவே குறைவு.

ஏறினது வேலை வாய்ப்பா, அல்லது முன்னாடி விடுபட்டவங்களை இப்போ ஒழுங்கா கேட்டு எழுதுறாங்களா, அல்லது வீட்டு வருமானம் பத்தாமல் வயலுக்குத் திரும்பினாங்களா? மூன்றுமே கலந்திருக்கு என்பதுதான் என் கணிப்பு.

இந்தக் கணக்கெடுப்பிலும் ஒரு மெல்லிய கோடு இருக்கு. வெறும் வீட்டு வேலை செய்பவருக்கு ஒரு குறியீட்டு எண். வீட்டு வேலையோடு சேர்த்து விறகு பொறுக்குவது, மாட்டுக்குப் புல் அறுத்து வருவது, வீட்டாருக்குத் துணி தைப்பது என்று செய்பவருக்கு வேறொரு எண். ரெண்டு பேருமே 'தொழிலாளர் படைக்கு வெளியே'தான். புல்லுக்கட்டு தலையில் இருக்கும். பெயர் பட்டியலில் இருக்காது.

நெல்லு இருக்கிற இடத்துல...

தெற்கே பெண்கள் அதிகம் வேலை செய்வதற்கு நெல்தான் காரணம் என்று ஒரு பழைய விளக்கம் உண்டு. டென்மார்க்கைச் சேர்ந்த பொருளியலாளர் எஸ்டர் போசரப் 1970-ல் எழுதிய புத்தகத்தில் இருந்து வளர்ந்த வாதம் இது. ஏர் உழுது விதை தெளிக்கும் கோதுமை மண்ணில் ஆணின் தோளுக்கு வேலை. நாற்று நட்டு, களை பறித்து, கதிர் அறுக்கும் நன்செய் மண்ணில் பெண்ணின் கைக்கு வேலை. பஞ்சாபையும் தமிழ்நாட்டையும் எதிரெதிரே வைத்தால் பொருந்துகிற மாதிரியேதான் இருக்கு.

கொள்ளிடத்தின் வடகரையில் இருக்கிற சிதம்பரம், காட்டுமன்னார்கோவில், குமராட்சி, கீரப்பாளையம் பகுதிகள் வீராணம் ஏரிப் பாசனமும் காவிரித் தண்ணீரும் சேர்ந்த கடைமடை. 2020-ல் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலம் அறிவிக்கப்பட்டபோது கடலூர் மாவட்டத்தில் சேர்க்கப்பட்டவையும் இந்தப் பக்கத்து ஒன்றியங்கள்தான். இங்கே நாற்றைப் பறித்து முடிச்சு கட்டிப் போடுவது பெரும்பாலும் ஆண்கள்; நடவு பெண்கள். குழுவாகச் சேர்ந்து, ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசி, வரிசையாகப் பின்னோக்கி நகர்ந்து நடுவார்கள். அதே வயலில் அதே நாளில் வரப்பு வெட்டும் ஆணுக்கு ஒரு கூலி, நடவு நடும் பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த கூலி. 'அது கஷ்டமான வேலை, இது லேசான வேலை' என்பார்கள். இடுப்பளவுக்குக் குனிந்து சேற்றில் ஒரு நாள் முழுக்க நின்றவர்கள் யாரும் இந்த வகைப்பாட்டைச் செய்திருக்க மாட்டார்கள் என்பது மட்டும் நிச்சயம்.

ஆனால் நெல் மட்டுமே காரணமா? மேற்கு வங்கமும் நெல் நாடுதான். அங்கே 2011-ல் பெண்களின் பங்கு தமிழ்நாட்டைவிட மிகக் குறைவு. அந்த ஊரில் நடவை ஆண்கள் நடுகிறார்கள். அந்த ஆண்கள்தான் இப்போ ரயிலேறி நம்ம டெல்டாவுக்கு வந்து நடவு நட்டுட்டுப் போறாங்க! 'நடவு பொம்பளை வேலை' என்று நாம் காலம் காலமா நம்பினது மண்ணோட சட்டம் இல்லை, ஊரோட பழக்கம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

பழக்கம் என்றால் சாதியும் சேர்ந்ததுதான். கடலூர் மாவட்டத்தில் பட்டியல் சாதி மக்கள் ஏறக்குறைய 29 சதவீதம். தமிழ்நாட்டு சராசரி 20. சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் பக்கம் வயலில் இறங்கிக் கூலி வேலை செய்யும் பெண்களில் பெரும்பகுதி இந்த வீட்டுப் பெண்கள். கொஞ்சம் வசதி வந்ததும் 'எங்க வீட்டுப் பொம்பளைங்க வேலைக்குப் போறதில்ல' என்று சொல்லிக்கொள்வது ஒரு கௌரவமாகிவிடுவதை, எல்லா சாதியிலும் நடப்பதை, சமூகவியலாளர் எம்.என்.சீனிவாஸ் பல பத்தாண்டுகளுக்கு முன்பே கவனித்து எழுதினார். ஆக, ஒரு ஊரில் பெண்கள் வேலை விகிதம் அதிகம் என்றால் அங்கே சுதந்திரம் அதிகம் என்று அவசரப்பட்டு முடிவு கட்டிடாதீங்க. வேற வழி இல்லாததாகவும் இருக்கலாம்.

இன்னொரு பக்கம் அந்த வேலையே கரைஞ்சுக்கிட்டு இருக்கு. அறுப்பு மெஷின் வந்ததும் கதிர் அறுப்பு போச்சு. நேரடி விதைப்பு செய்தால் நடவே இல்லை. களைக்கொல்லி அடித்தால் களை எடுக்கவும் ஆள் வேண்டாம். கவனிச்சீங்களா, மெஷின் புகுந்த ஒவ்வொரு இடமும் பெண்கள் செய்துகொண்டிருந்த வேலை. மெஷினை ஓட்டுபவர், மருந்து அடிப்பவர், ரெண்டு பேருமே பொதுவாக ஆண்கள்.

இந்த ஓட்டையை ஓரளவு அடைத்தது நூறு நாள் வேலை. 2006 பிப்ரவரி 2-ம் தேதி நாடு முழுக்க 200 மாவட்டங்களில் அந்தத் திட்டம் தொடங்கியபோது, தமிழ்நாட்டில் முதல் கட்டத்தில் இருந்த 6 மாவட்டங்களில் கடலூரும் ஒன்று. சட்டம் கேட்டது மூன்றில் ஒரு பங்கு பெண்கள். தமிழ்நாட்டில் கடந்த பல ஆண்டுகளாக 80 சதவீதத்துக்கு மேல் பெண்கள். 'ஏரியில உக்காந்து கதை பேசிட்டு வர்றாங்க' என்று வாட்ஸ்அப்பில் கிண்டல் பண்ணுபவர்களுக்கு ஒரு தகவல்: ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி, ஊருக்குள்ளேயே வேலை, பணம் நேரா அவங்க பெயர் போட்ட பேங்க் கணக்குக்கு. இந்த மூணும் சேர்ந்த வேலையை அந்தப் பெண்கள் அதுக்கு முன்னாடி பார்த்ததே இல்லை. வயல் கூலியைக் கூட்டிக் கேட்கவும் அதுதான் தைரியம் கொடுத்தது. அதனால்தான் பண்ணையாட்களை வைத்து விவசாயம் செய்தவர்களுக்கு அந்தத் திட்டத்தின் மேல் அவ்வளவு கோபம்.

உங்க ஸ்வீட் பாக்ஸ்ல இருக்கிற முந்திரி

ரூட்டைக் கொஞ்சம் மேற்கே திருப்புவோம். கடலூரில் இருந்து பண்ருட்டி. செம்மண் மேடு. நெல் வயல் குறைந்து முந்திரித் தோப்பும் பலாவும் வரும் இடம். மண் மாறியதும் பெண்களின் வேலையும் மாறுது.

முந்திரிக்கொட்டையின் ஓட்டுக்குள் ஒரு எண்ணெய் இருக்கும். பெயின்ட், பிரேக் லைனிங் தயாரிக்கப் பயன்படும் அளவுக்குக் காரமானது. தோலில் பட்டால் புண்ணாக்கும், கறுப்பாக்கும். கொட்டையைக் காய வைத்து அல்லது வறுத்து, கட்டையால் பதமாகத் தட்டி, பருப்பு உடையாமல் எடுக்க வேண்டும். விரலில் சாம்பலையோ விளக்கெண்ணெயையோ தடவிக்கொண்டு உட்காருவார்கள். பருப்பு உடைந்தால் விலை போச்சு. பிறகு அதைச் சூடாக்கி, மேல் தோலை நகத்தாலும் சின்னக் கத்தியாலும் உரித்து, ரகம் பிரிக்க வேண்டும். கடையில் 'டபிள்யூ 320' என்று கேட்டு வாங்குகிறீர்களே, அதன் அர்த்தம் ஒரு பவுண்டு எடைக்கு 320 முழுப்பருப்பு வரை நிற்கும் என்பது. அந்த 320-ம் யாரோ ஒருவர் விரலில் ஒவ்வொன்றாகப் புரண்டு வந்தவை.

இந்த வேலையில் பெரும்பங்கு பெண்களுடையது. கேரளத்தில் கொல்லம் முந்திரிக்குப் பேர்போன இன்னொரு ஊர். அங்கேயும் பெண்கள்தான். ஆனால் அங்கே அது பெரிய பெரிய தொழிற்சாலைகளாக, தொழிற்சங்கங்களோடு வளர்ந்தது. அரசே 1969-ல் ஒரு முந்திரி வளர்ச்சிக் கழகம் அமைத்தது. இங்கே பெரும்பகுதி குடிசைத் தொழில். கிலோ கணக்கில் கூலி, வீட்டுத் திண்ணையிலும் சின்னச் சின்னக் கொட்டகைகளிலும் வேலை. ஒரே கொட்டை, ஒரே எண்ணெய், ஒரே புண். ஒரு ஊரில் பி.எஃப், இ.எஸ்.ஐ பேச்சாவது உண்டு. இன்னொரு ஊரில் 'பக்கத்து வீட்டுக்குப் போய் கொஞ்சம் கொட்டை உடைச்சுட்டு வர்றேன்' என்பதோடு முடிஞ்சுபோகுது. திண்ணையில் நடக்கும் வேலைக்கு இதுதான் சாபம். அதைச் செய்பவரே அதை வேலை என்று சொல்ல மாட்டார்.

2011 டிசம்பர் 30 அதிகாலை 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. பண்ருட்டி பக்கத்து முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. முந்திரிக் கன்று வைத்தால் காய்ப்புக்கு வர வருஷங்கள் ஆகும். நிவாரணம் மரம் வைத்திருந்தவருக்கு, மரக் கணக்கில். மரமே இல்லாமல், அடுத்தவர் தோப்பில் கொட்டை பொறுக்கியும் உடைத்தும் பிழைத்த பெண்ணுக்கு இழப்பு என்று காட்ட ஒரு பட்டா, ஒரு அடங்கல் கிடையாது. தோப்பு காய்க்காத அந்த வருஷங்களில் வெளிநாட்டுக் கொட்டை வரத்தால்தான் பல இடங்களில் கட்டைச் சத்தம் ஓயாமல் இருந்தது.

கடற்கரையில் ஒரு கணக்கு

இப்போ மறுபடி கிழக்கே. தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்பு, சோனாங்குப்பம், அப்படியே தெற்கே பரங்கிப்பேட்டை, கிள்ளை, பிச்சாவரம். கடலுக்குப் போவது ஆண். கரைக்கு வந்த நொடியில் இருந்து மீன் பெண்ணுடையது. ஏலம் எடுப்பது, ஐஸ் போடுவது, கருவாடு காய வைப்பது, கூடையைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக விற்பது, கடன் வசூலிப்பது. வீட்டுக்கு அன்றாடம் காசு கொண்டுவருவதும் அந்தக் கூடைதான். ஆனாலும் 'மீனவர்' என்று சொன்னவுடன் உங்கள் மனசில் வந்து நிற்பது வலையோடு ஒரு ஆண், இல்லையா? அடையாள அட்டை, படகு, டீசல் மானியம் என்று எல்லாமே அந்தப் படத்தை வைத்துத்தான் உருவானது.

பெண்கள் அந்தக் கரையில் எவ்வளவு வேலை செய்தார்கள் என்பதை எந்தப் புள்ளிவிவரப் பட்டியலும் ஒழுங்காகச் சொன்னதில்லை. ஒரே ஒரு பட்டியல் சொன்னது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. சுனாமி. சில மாதங்கள் கழித்து ஆக்ஸ்ஃபாம் அமைப்பு வெளியிட்ட அறிக்கையில் கடலூர் மாவட்டத்து இறப்புகளை ஆண், பெண் என்று பிரித்துக் காட்டினார்கள். ஆண்கள் 146. பெண்கள் 391.

நீச்சல் தெரியாதது, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியது, சேலை என்று பல காரணங்கள் சொல்லப்பட்டன. அவற்றோடு இன்னொன்றும் இருந்தது. அந்த நேரத்தில் ஆண்கள் பலர் கடலுக்குள் இருந்தார்கள். ஆழ்கடலில் அலை படகுக்கு அடியில் போய்விட்டது. பெண்கள் கரையில் நின்றார்கள். படகு வரும், மீன் வரும், பிரிக்க வேண்டும், விற்க வேண்டும் என்று. அவர்கள் அங்கே வேடிக்கை பார்க்க நிற்கவில்லை. வேலை செய்யும் இடத்தில் நின்றுகொண்டிருந்தார்கள்.

ஃபேக்டரி இருக்கு... ஆனா

'கடலூர்ல ஃபேக்டரியே இல்லையா என்ன?' இருக்கு. நிறையவே இருக்கு. சிதம்பரம் ரோட்டில் உப்பனாற்றை ஒட்டி சிப்காட். பஸ் அந்த இடத்தைத் தாண்டும்போது மூக்கே சொல்லும். கெமிக்கல், மருந்து மூலப்பொருள், சாயம். உள்ளே போனால் 1956-ல் தொடங்கிய நெய்வேலி நிலக்கரி நிறுவனம், சுரங்கம், அனல்மின் நிலையம். நெல்லிக்குப்பத்தில் 1842-ல் தொடங்கிய பாரி கம்பெனியின் சர்க்கரை ஆலை. எல்லாமே பெரிய பெரிய பெயர்கள். எல்லாமே பெரும்பாலும் ஆண்களின் பணியிடங்கள்.

இது தற்செயல் இல்லை. 1952-ம் வருஷத்துச் சுரங்கச் சட்டம் பெண்கள் நிலத்தடிச் சுரங்கத்தில் இறங்கக் கூடாது, திறந்தவெளிச் சுரங்கத்திலும் காலை 6 மணி முதல் மாலை 7 மணி வரை மட்டும்தான் என்று சொன்னது. மூன்று ஷிஃப்ட் ஓடும் நெய்வேலி மாதிரி இடத்தில் ஒரு ஷிஃப்டுக்கு மட்டுமே போகக்கூடிய ஆளை யார் எடுப்பார்கள்? 2019 தொடக்கத்தில்தான், எழுத்துபூர்வமான சம்மதத்தோடு திறந்தவெளிச் சுரங்கத்தில் இரவிலும் பெண்கள் வேலை செய்யலாம் என்று மத்திய அரசு விலக்கு கொடுத்தது. தொழிற்சாலைகளுக்கான 1948 சட்டத்திலும் இதே மாதிரி இரவுத் தடை இருந்தது. 2000-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவு செல்லாது என்றது. ஆபத்தான ரசாயன வேலைகள் சிலவற்றில் பெண்களைச் சேர்ப்பதற்கே விதிகள் தடை போட்டு வைத்திருந்தன. பாதுகாப்புக்காகப் போட்ட வேலிதான். ஆனால் சிப்காட் காற்றை சுற்று வட்டாரத்தில் ஆணும் பெண்ணும் சேர்ந்துதானே சுவாசிக்கிறார்கள்? வேலி சம்பளத்துக்கு மட்டும்தான் போல.

சுரங்கத்துக்கு நிலம் போகும் ஊர்களில் 'வீட்டுக்கு ஒருத்தருக்கு நிரந்தர வேலை' என்பது நெடுநாள் கோரிக்கை. நியாயமான கோரிக்கை. அந்த 'ஒருத்தர்' வீட்டில் பொதுவாக யார் என்பதை நீங்களே ஊகிக்கலாம். வயல் போனதோடு களையெடுப்பும் மாட்டுக்குப் புல்லும் போன பெண்ணுக்கு எந்த ஆர்டரும் வராது.

அப்படியானால் தமிழ்நாட்டுப் பெண்கள் ஃபேக்டரிக்குப் போவதில்லையா? அதுதான் வேடிக்கை. 2019-20-ம் ஆண்டுக்கான தொழிற்சாலைகள் ஆய்வின்படி, இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பெண்களில் ஏறக்குறைய 43 சதவீதம் பேர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். நூறு பேரில் நாற்பத்து மூன்று பேர்! ஆனால் அவர்கள் இருப்பது திருப்பூர் பின்னலாடையில், கொங்குப் பகுதி நூற்பாலைகளில், ஆம்பூர் ஷூ கம்பெனிகளில், சிவகாசியில், ஸ்ரீபெரும்புதூர் செல்போன் ஆலைகளில். தைக்கிற, கோக்குற, பொருத்துற தொழில் வந்த ஊருக்குப் பெண்கள் வேலை வந்தது. கொதிகலனும் சுரங்கமும் வந்த ஊருக்கு வரலை. ஒரு மாவட்டத்துக்கு எந்தத் தொழிற்சாலை வரணும்னு முடிவு பண்ற மீட்டிங்லயே அந்த ஊர்ப் பெண்களின் அடுத்த ஐம்பது வருஷமும் முடிவாகிடுது என்று எனக்குத் தோணும்.

பிளஸ் டூ முடித்த கடலூர்ப் பெண் அதனால் கம்பெனி பஸ் ஏறுகிறார். ஹாஸ்டல், ஷிஃப்ட், வாரத்துக்கு ஒரு நாள் லீவ். 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் ஊழியர்கள் தங்கியிருந்த விடுதியில் கெட்டுப்போன உணவால் பலர் பாதிக்கப்பட்டதும், நூற்றுக்கணக்கான பெண்கள் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்களே, நினைவிருக்கா? அப்போதுதான் அவர்கள் தமிழ்நாட்டின் எத்தனை மூலைகளில் இருந்து வந்திருக்கிறார்கள் என்பது பலருக்கும் தெரிந்தது. சம்பளம் சொந்த ஊர் வீட்டுக்கு வருது. ஆள் கணக்கு ஆலை இருக்கிற மாவட்டத்தில் ஏறுது. கடலூரின் தொழில் வரைபடத்தில் அந்தப் பெண்ணுக்கு இடமில்லை.

டிகிரி கையில், வேலை எங்கே?

45 கிலோமீட்டரின் அந்த முனையில் அண்ணாமலை பல்கலைக்கழகம். 1929-ல் தொடங்கியது; 2013-ல் தனிச் சட்டம் கொண்டுவந்து அரசு தன் கட்டுப்பாட்டில் எடுத்தது. சுற்றுவட்டாரக் கிராமங்களில் எத்தனையோ வீடுகளின் முதல் பட்டதாரிப் பெண் இங்கே இருந்து வந்தவர். உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 2021-22-ல் இந்தியாவில் 28 சதவீதம், தமிழ்நாட்டில் 47. ஆண், பெண் இடைவெளியும் பெரிசா இல்லை.

ஆனா வேலை? 2023-ல் பொருளாதார நோபல் பரிசு வாங்கிய கிளாடியா கோல்டின், பெண்கள் வேலைப் பங்கேற்பு ஆங்கில 'யூ' எழுத்து மாதிரி போகும் என்று காட்டியவர். ஏழ்மையில் எல்லாரும் வயலில். கொஞ்சம் வசதி வந்ததும் பெண்கள் வீட்டுக்குள். படிப்பும் ஆபீஸ் வேலையும் பெருகினதும் மறுபடி வெளியே. சிதம்பரத்துப் பட்டதாரி அந்த 'யூ'வின் அடிப்பள்ளத்தில் நிற்கிறார். அவருடைய அம்மா செய்த நடவு வேலைக்கு அவர் போக மாட்டார், போகவும் தேவையில்லை. அவர் படிப்புக்கு ஏற்ற ஆபீஸ் சென்னையில் இருக்கு. நடுவில் இருப்பது தனியார் ஸ்கூல் டீச்சர் வேலை, துணிக்கடை, ஜெராக்ஸ் கடை, ஆஸ்பத்திரி ரிசப்ஷன். கல்யாணப் பேச்சு தொடங்கினால் அதிலும் பாதி நின்றுபோகும். சுரங்கமும் கெமிக்கலும் எடுத்துக்கொள்ளாத பெண்களுக்கு இந்த மாவட்டத்தில் பெரிய முதலாளி உண்மையில் அரசுதான். சத்துணவுக் கூடம், அங்கன்வாடி, பள்ளிக்கூடம், நர்ஸ் வேலை.

இந்த இடத்தில்தான் முன்னாடி தள்ளி வைத்த சண்டை வருது. 2024-ம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, கூலி இல்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் இந்தியப் பெண் ஒரு நாளைக்கு 289 நிமிடம் செலவிடுகிறார். ஆண் 88 நிமிடம். கிட்டத்தட்ட அஞ்சு மணி நேரத்தை முடிச்சுட்டு மீதியிருக்கும் நேரத்துக்குள் அடங்குற வேலையைத்தான் அவர் தேட முடியும். காலைல பிள்ளைங்க கிளம்பின பிறகு ஆரம்பிக்கணும், ஸ்கூல் பெல் அடிக்கிறதுக்குள்ள திரும்பணும், பஸ் இருக்கணும்.

பஸ் என்றதும் விடியல் பயணம். 2021 மே மாதம் தொடங்கிய இந்தக் கட்டணமில்லாப் பயணத்தால் பெண்களுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. முந்திரிக் கொட்டகைக்கோ துணிக்கடைக்கோ போகிறவருக்கு அது பல நாள் கூலி. ஆனால் அது சாதாரண நகரப் பேருந்துக்கு மட்டும். கடலூர் - சிதம்பரம் ரூட் பஸ்ஸில் டிக்கெட் எடுக்கணும். ஒரு பெண் எவ்வளவு தூரம் வேலைக்குப் போகலாம் என்பதை இப்போ டவுன் பஸ்ஸின் கடைசி ஸ்டாப் தீர்மானிக்குது! 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தையும் இதே கண்ணால் பாருங்க. பிள்ளைக்குச் சாப்பாடு என்றுதான் பேசுகிறோம். விடியலில் நடவுக்குக் கிளம்பும் அம்மாவுக்கு அது அடுப்படியில் அரை மணி நேரம்.

கோவிட் காரணமாகத் தள்ளிப்போன சென்சஸ், 2027 மார்ச் 1-ம் தேதியைக் கணக்கு நாளாக வைத்து நடக்கிறது. மக்கள்தொகை எண்ணும் கட்டம் அதற்கு முந்தைய பிப்ரவரியில். நாமே ஆன்லைனில் விவரம் பதிவு செய்யும் வசதியும் உண்டு. அதாவது வீட்டில் போன் வைத்திருக்கும் நீங்கள்தான் பல வீடுகளில் அந்தப் படிவத்தை நிரப்பப்போகிறீர்கள். கேள்வி அம்மாவிடம் வரும்போது, கடந்த ஒரு வருஷத்தை மாசம் மாசமா அவங்களையே சொல்லச் சொல்லுங்க. நடவுக்குப் போனது, கொட்டை உடைத்தது, கருவாடு விற்றது, மாடு கறந்தது, கடையைப் பார்த்துக்கொண்டது. 2011-ல் இருந்த வரையறைப்படி ஆறு மாதத்துக்கு மேல் வந்தால் முதன்மைத் தொழிலாளர். அதற்குக் குறைவாக இருந்தால் குறுகிய காலத் தொழிலாளர். ரெண்டுமே தொழிலாளர் பட்டியல்தான்.